எஃகை விட்டு ஏரைப் பிடித்தவர்: சி. சுப்பிரமணியம்

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ திருமுருகன் ஆலயத்தில் அன்னதானம் முடிந்து அடியார்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு தந்தைக்கும் மகனுக்குமிடையே எழுந்த வாக்குவாதத்தைக் கேட்க நேர்ந்தது. தந்தை ஒரு காலத்தில் விசுவமடுவில் மிளகாய்த் தோட்டம் செய்தவர். எழுபதைத் தாண்டிய வயதிலும், குறுகிய கனேடியக் கோடைக்குள், தமது வீட்டின் பின்வளவில் மிளகாயும் கத்தரியும் பயிரிட்டு அயலவருக்கு வழங்குபவர். ஊரில் எஞ்சியிருக்கும் தம்பியின் மகனுக்குக் கிணறு திருத்தவும் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கவும் பணம் அனுப்ப அவர் விரும்பினார். இந்நாட்டிலேயே படித்துக் கணக்காளராகத் தொழில் புரியும் மகனோ, மண்ணில் போடும் பணம் மணலில் வார்த்த நீர் என்று மறுத்தார். கமம் செய்து எந்த நாடு முன்னேறியது? அந்தப் பையனைக் கணினி படிக்க வைத்தால் ஒரு குடும்பமாவது தலைநிமிருமே என்பது அவரது வாதம்.

ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியவன் என்ற காரணத்தால் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். கோயில் வாசலில் நின்று சொல்லிவிடக்கூடிய விடையல்ல அது. இதே கேள்வியை ஒரு பெருநாட்டின் அளவில், பஞ்சம் வாசலில் நின்ற காலத்தில் எதிர்கொண்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவருடைய வாழ்க்கையை எழுதுவதே பொருத்தமான மறுமொழி என்று தோன்றிற்று. அவர் பெயர் சிதம்பரம் சுப்பிரமணியம். சி. எஸ். என்ற இரண்டு எழுத்துக்களாலேயே இந்தியா அவரை அறிந்திருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து புதுடில்லிக்கு

சி. சுப்பிரமணியம் 1910ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி, கோயம்புத்தூர் மாவட்டத்தில் பொள்ளாச்சிக்கு அண்மையிலுள்ள செங்குட்டைப்பாளையம் என்னும் கிராமத்தில், வேளாண்மையை வாழ்வாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் பயின்றது பௌதிகம்; அதன் பின்னரே சட்டம். எதையும் சோதித்துப் பார்த்த பிறகே ஏற்கும் பௌதிக மாணவனின் இயல்பும், எதிர்த்தரப்பின் வாதத்தை முழுமையாகக் கேட்டு மறுமொழி சொல்லும் வழக்கறிஞரின் பொறுமையும் அவரிடம் இறுதிவரை நிலைத்திருந்தன. பிற்காலத்தில் அவர் செய்த பெருஞ்செயலுக்கு இவ்விரண்டுமே வேண்டியிருந்தன.

1932ஆம் ஆண்டின் சட்டமறுப்பு இயக்கத்தில் சிறை சென்ற அவர், 1942இல் எழுந்த வெள்ளையனே வெளியேறு போராட்டத்திலும் சிறைப்பட்டார். இடைப்பட்ட காலத்தில் கோயம்புத்தூரில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். இந்தியாவின் அரசியலமைப்பை வகுத்த சபையிலும் உறுப்பினராக இருந்தார். 1952இல் இராஜாஜியின் அமைச்சரவையில் இடம்பெற்றார். 1954இல் இராஜாஜி பதவி விலகியபோது கட்சியின் சட்டமன்றத் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். வென்றவர் தோற்றவரை ஒதுக்கித் தள்ளுவதே எமது அரசியலில் நாம் கண்டு பழகிய வழக்கம். காமராஜரோ தம்மை எதிர்த்தவரையே அமைச்சரவையில் அமர்த்தி, நிதியையும் கல்வியையும் அவர் பொறுப்பில் விட்டார். பாடசாலைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் திட்டம் 1956இல் மாநிலமெங்கும் விரிந்தது அக்காலத்திலேயே. பசித்த வயிறு பாடம் கேளாது என்பதை ஓர் அரசு தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒப்புக்கொண்ட செயல் அது.

1962இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகிப் புதுடில்லி சென்ற சி. எஸ்ஸுக்கு நேருவின் அமைச்சரவையில் எஃகுத் துறை கிடைத்தது. அக்காலத்தில் அது மதிப்புமிக்க பதவி. புகை கக்கும் பெரிய ஆலைகளே ஏழை நாட்டைக் கரைசேர்க்கும் என்ற நம்பிக்கை 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திலிருந்தே வேரூன்றியிருந்தது. இந்தியா மட்டும் அவ்வாறு நம்பவில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவும் வேளாண்மையைப் பழமையின் எச்சமாகவும், கமக்காரனைப் பட்டணத்துத் தொழிற்சாலைக்கு மலிவாகச் சோறு போடவேண்டிய ஒருவனாகவும் கருதிவந்தன.

யாரும் விரும்பாத நாற்காலி

1964 மே மாதம் நேரு மறைந்தார். பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி உணவு, வேளாண்மை அமைச்சைச் சி. எஸ்ஸிடம் ஒப்படைத்தார். அரசியல்வாதிகள் அஞ்சி ஒதுங்கிய நாற்காலி அது. மழை பொய்த்தால் பழி அமைச்சரின் தலையில் விழும். மழை பெய்தால் புகழ் வானத்துக்குப் போகும். எஃகு அமைச்சரை ஏர் பிடிக்க அனுப்பியதைப் பலர் பதவிக் குறைப்பாகவே பார்த்தனர்.

அன்றைய நிலைமையைச் சற்று விளக்கவேண்டும். அமெரிக்கா 1954இல் இயற்றிய பொதுச் சட்டம் 480 என்பதன் கீழ், இந்தியா தன் சொந்த நாணயத்தையே கொடுத்து அமெரிக்கக் கோதுமையைப் பெற்றுவந்தது. கனடாவும் கொழும்புத் திட்டத்தின் கீழும் பின்னரும் கோதுமை அனுப்பியது. கப்பலில் வந்த மலிவான தானியம் பட்டணத்து வயிற்றை நிரப்பியது உண்மை. ஆனால் அதே தானியம் உள்நாட்டு விளைச்சலின் விலையையும் அழுத்தி வைத்தது. உழைத்து இரண்டு மூடை கூடுதலாக விளைவித்தால் விலை விழுந்து நட்டமே மிஞ்சும் என்று அறிந்தவன் ஏன் கூடுதலாக விளைவிப்பான்? கமக்காரன் அறியாமையினாலும் சோம்பலினாலும் பின்தங்கியிருக்கிறான் என்பது அலுவலகங்களின் எண்ணம். சி. எஸ். அதை ஏற்கவில்லை. கமக்காரனுக்குக் கணக்குத் தெரியும். கணக்குத் தெரிந்தபடியாலேயே அவன் கூடுதலாக விளைவிக்காதிருக்கிறான் என்பதே அவர் கண்ட முடிவு.

இந்த முடிவிலிருந்து அவரது திட்டம் கிளைத்தது. விளைச்சலுக்கு முன்கூட்டியே ஒரு விலையை அறிவிக்கவேண்டும். சந்தை அதற்குக் கீழே விழுந்தால் அரசு அந்த விலைக்கு வாங்கவேண்டும். நல்ல விதை, உரம், நீர், கடன் ஆகிய நான்கும் ஒருசேரக் கிடைக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீண். எதை எப்படிப் பயிரிடுவது என்பதை எழுதுவினைஞர்கள் அல்லாது விஞ்ஞானிகள் சொல்லவேண்டும்.

1965 ஜனவரியில் வேளாண்மை விலை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதே மாதம் 14ஆம் திகதி, தமிழர் பொங்கலிடும் நாளில், இந்திய உணவுக் கூட்டுத்தாபனம் உதயமாயிற்று. அதன் முதலாவது மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்ட இடம் தஞ்சாவூர். அவ்வாண்டிலேயே இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை நிர்வாக அதிகாரிகளின் கையிலிருந்து கோதுமை விஞ்ஞானியான பி. பி. பாலின் கைக்கு மாறியது. அமைச்சின் செயலாளராக அமைந்த பி. சிவராமனும், ஆய்வுகூடத்தில் உழைத்த கும்பகோணத்து எம். எஸ். சுவாமிநாதனும் இம்முயற்சியில் அவருக்குக் கைகொடுத்தவர்கள்.

மொழிக்காகத் துறந்த பதவி

இத்திட்டம் அரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் தமிழகம் கொந்தளித்தது. 1965 ஜனவரி 26ஆம் திகதி முதல் இந்தியே ஆட்சிமொழியாகும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து மாணவர்கள் வீதிக்கு வந்தனர். இளைஞர்கள் தீக்குளித்தனர், துப்பாக்கிச் சூடு நடந்தது. பெப்ரவரி மாதத்தில் சி. எஸ்ஸும் ஓ. வி. அழகேசனும் மத்திய அமைச்சிலிருந்து பதவி விலகுவதாகக் கடிதம் கொடுத்தனர். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று சாஸ்திரி வானொலியில் உறுதியளித்த பின்னரே அவர்கள் பதவியில் தொடர்ந்தனர்.

1956இல் ஒரே நாளில் மொழியுரிமை பறிபோனதைக் கண்ட எமக்கு இந்நிகழ்ச்சியின் பொருள் விளங்கும். தமது மக்களின் மொழிக்காகப் பதவியை விட்டெறியத் துணிந்தவர், நாடு முழுவதற்குமான சோற்றுப் பிரச்சினையையும் தம் தோளில் சுமந்தார். ஒன்று மற்றதற்கு முரணென்று அவர் கருதவில்லை.

குட்டைக் கோதுமையின் வருகை

பழைய இந்தியக் கோதுமை உயரமாக வளரும் இனம். உரம் இட்டால் கதிர் கனத்து, தண்டு தாங்காது வயலில் சாய்ந்துவிடும். ஆகவே உரமிடுவதால் பயனில்லை. உரமில்லாமல் விளைச்சலும் உயராது. ஜப்பானியக் குட்டை இனம் ஒன்றின் பண்பை மெக்சிக்கோ நாட்டுக் கோதுமையில் கலந்து, நோர்மன் போர்லாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி புதிய விதைகளை உருவாக்கியிருந்தார். அவற்றின் தண்டு குட்டை. கதிர் எவ்வளவு கனத்தாலும் சாயாது. நீரும் உரமும் கொடுத்தால் விளைச்சல் பழைய இனத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

இவ்விதையை ஆராய்ச்சி வயலிலிருந்து உழவனின் வயலுக்குக் கொண்டு செல்லச் சி. எஸ். முனைந்தபோது நாற்றிசையிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. உரம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை என்றது நிதித்துறை. விலையை உயர்த்தினால் பட்டணத்து ஏழை பாதிக்கப்படுவான் என்றனர் சிலர். இது அமெரிக்கச் சூழ்ச்சி என்றனர் இடதுசாரிகள். சிறு விவசாயியால் இது இயலாது, பணக்காரனே பயன்பெறுவான் என்றனர் பொருளியலாளர். இந்த எதிர்ப்புகளில் சில நியாயமானவை என்பதைக் காலம் பின்னர் காட்டிற்று.

பௌதிக மாணவர் கையாண்ட வழி சோதனை. சிறு விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே புதிய விதைகளை இட்டுக் காட்டுமாறு ஏற்பாடு செய்தார். அமைச்சருக்கு அரசு அளித்திருந்த டில்லி மாளிகையின் புற்றரையை உழுவித்து அங்கேயே குட்டைக் கோதுமையை விதைத்தார். அழகுக்கு வைத்திருந்த புல்லை அழித்து அமைச்சர் கோதுமை போட்ட செய்தி, எந்த அறிக்கையும் போகாத தூரத்துக்குப் போயிற்று. அயலவன் வயலில் விளைந்ததைக் கண்ணால் கண்ட உழவன், அடுத்த பருவத்தில் தானே விதை தேடி வந்தான்.

1966இல் மெக்சிக்கோவிலிருந்து 18,000 தொன் விதைக் கோதுமை இறக்குமதி செய்யப்பட்டது. அதுவரை உலகில் எந்த நாடும் இவ்வளவு பெருந்தொகையான விதையை ஒரே தடவையில் வாங்கியதில்லை. வந்த இனங்களில் தானியம் செந்நிறமாக இருந்ததால் சப்பாத்திக்கு உகந்ததல்ல என்று மக்கள் முகம் சுளித்தனர். இந்திய விஞ்ஞானிகள் அதையும் திருத்தி, கல்யாண் சோனா, ஷர்பதி சோனோரா போன்ற வெளிர்நிற இனங்களை ஓரிரு ஆண்டுகளில் உருவாக்கினர்.

பசியும் வாக்குச்சீட்டும்

விதை முளைப்பதற்குள் வறட்சி முந்திக்கொண்டது. 1964-65இல் 89 மில்லியன் தொன்னாக இருந்த உணவுத் தானிய விளைச்சல் 1965-66இல் 72 மில்லியனாக வீழ்ந்தது. மறு ஆண்டும் மழை பொய்த்தது. பீகார் பஞ்சத்தின் விளிம்பில் நின்றது. 1966இல் மட்டும் 10 மில்லியன் தொன்னுக்கு மேல் தானியம் இறக்குமதியாயிற்று. கப்பலிலிருந்து இறங்கிய கோதுமை களஞ்சியத்தில் தங்காமலே பங்கீட்டுக் கடைக்குப் போனது. அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் ஒவ்வொரு கப்பலையும் தாமே கணக்குப் பார்த்து, இந்தியாவின் வெளிநாட்டுக் கொள்கையையும் மனத்திற்கொண்டு, இழுத்து இழுத்து அனுப்பினார். கையேந்தி உண்பவனின் குரல் எவ்வளவு தாழும் என்பதை ஒரு நாடு அன்று அறிந்தது. அகதி விண்ணப்பக் கடிதத்தோடு அலுவலகத்து வாசலில் நின்ற எவருக்கும் அந்தத் தாழ்வை நான் விளக்கவேண்டியதில்லை.

1967 பெப்ரவரியில் பொதுத் தேர்தல் வந்தது. தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாகத் திராவிட முன்னேற்றக் கழகம் வாக்குறுதி அளித்தது. மொழிப் போராட்டத்தின் காயமும் ஆறவில்லை. விருதுநகரில் காமராஜர் தோற்றார். கோபிசெட்டிபாளையம் தொகுதியில் சி. எஸ்ஸும் தோற்றார். பஞ்சத்தை ஒழிக்க உழைத்த உணவு அமைச்சர், அரிசி இல்லையென்ற கோபத்திலேயே பதவியை இழந்தார்.

அடுத்த அறுவடையில் அவர் இட்ட விதை பேசியது. 1967-68இல் உணவுத் தானிய விளைச்சல் 95 மில்லியன் தொன்னைத் தொட்டது. கோதுமை மட்டும் 16 மில்லியன் தொன்னைக் கடந்தது. பஞ்சாப்பில் வைக்க இடமின்றிப் பாடசாலைக் கட்டடங்களிலும் மூடைகளை அடுக்கினார்கள். 1970-71இல் கோதுமை விளைச்சல் ஏறக்குறைய 24 மில்லியன் தொன்னாயிற்று. கோதுமைப் புரட்சியை நினைவுகூர 1968இல் அரசு முத்திரை வெளியிட்டபோது, அதற்கு வித்திட்டவர் பாராளுமன்றத்திலேயே இல்லை.

நிறைந்த களஞ்சியமும் எரிந்த குடிசையும்

கதையை இத்துடன் நிறுத்தினால் அது புகழ்மாலையாகிவிடும். களஞ்சியம் நிறைந்தால் வறுமை தானே ஒழியுமா என்ற கேள்விக்குத் தமிழ் மண்ணே ஒரு கொடிய விடையைத் தந்தது.

தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் இனம் பரவி, இருபோகச் செய்கை விரிந்தது. மிராசுதாரரின் விளைச்சல் உயர்ந்தது. வயலில் இறங்கி நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் தமது கூலியில் சில படி நெல்லைக் கூட்டிக் கேட்டனர். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அனைவரும் தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட உழைப்பாளர் குடும்பத்தினர். அதன் பின்னரே, 1969இல், விவசாயத் தொழிலாளருக்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது. விளைச்சல் பெருகும் இடத்தில், பெருகியதில் எவருக்கு எவ்வளவு என்ற கேள்வியும் பெருகும். அதற்கு விடை வைத்திராத எந்த வேளாண்மைத் திட்டமும் பாதித் திட்டமே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் கிராமங்களை 1973-74இலும், பின்னர் 1983-84இலும் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தனர். பீற்றர் ஹேசல், சி. இராமசாமி ஆகியோர் 1991இல் வெளியிட்ட அந்த ஆய்வு பலரின் எதிர்பார்ப்பைப் புரட்டியது. புதிய நெல்லும் கிணற்றுப் பம்பும் பரவிய அப்பத்தாண்டில் சிறு விவசாயிகளின் வருமானமும் நிலமற்ற கூலிகளின் வருமானமும் கணிசமாக உயர்ந்திருந்தன. வயலில் ஒரு ரூபாய் கூடுதலாக விளைந்தபோது தையற்காரர், தச்சர், கடைக்காரர், வண்டிக்காரர் என வயலுக்கு வெளியே இருந்தோர் கையில் இன்னொரு முக்கால் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது.

காரணம் விளங்கக்கூடியதே. ஏழையின் வருமானத்தில் பெரும்பங்கு உணவுக்குச் செல்கிறது. விளைச்சல் பெருகி உணவின் விலை தணிந்தால் அவன் கையில் காசு மிஞ்சும். இரண்டாம் போகம் செய்தால் கூலி நாட்கள் கூடும். கமக்காரன் கையில் மிஞ்சும் பணம் வெளிநாட்டுக் காருக்குச் செல்வதில்லை. உள்ளூர்ச் சந்தையிலேயே செலவாகிறது. வேளாண்மையில் தோன்றும் வளர்ச்சி ஏனைய துறைகளின் வளர்ச்சியைவிடக் குறைந்தது இரு மடங்கு வலுவோடு வறுமையைக் குறைக்கிறதென உலக வங்கி தன் 2008ஆம் ஆண்டு அபிவிருத்தி அறிக்கையில் கணித்தது. சீனாவில் 1978இன் பின்னர் குடும்பங்களின் கையில் வயலை ஒப்படைத்து விளைச்சலுக்கு நல்ல விலை கொடுத்தபோது, கோடிக்கணக்கானோரின் வறுமை முதலில் கரைந்தது ஆலைகளில் அல்ல, வயல்களிலேயே.

புதிய விதையின் விலை வேறு வடிவிலும் வந்தது. பஞ்சாப்பில் நெல்லுக்கும் கோதுமைக்கும் மாறி மாறி நீரிறைத்ததால் நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போயிற்று. மழையை மட்டும் நம்பிய வறண்ட மாவட்டங்களுக்குப் புரட்சி எட்டிப் பார்க்கவில்லை. வெற்றியின் மேல் உறங்கிவிட்டவர்களின் தவறு அது என்று சொல்லலாம். ஆனால் அந்த வெற்றியின் அமைப்புக்குள்ளேயே அதன் வித்தும் இருந்தது.

பிந்திய ஆண்டுகள்

1971இல் கிருஷ்ணகிரித் தொகுதியிலிருந்து மீண்டும் பாராளுமன்றம் சென்ற சி. எஸ்., திட்டமிடல் அமைச்சையும் பின்னர் நிதி அமைச்சையும் வகித்தார். அவர் நிதியமைச்சராயிருந்த காலத்தில், 1975இல், சிறு விவசாயிக்குக் கடன் வழங்கப் பிராந்திய கிராமிய வங்கிகள் தொடங்கப்பட்டன. அதே ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட அவசரகால நிலையின்போது அவர் அமைச்சரவையை விட்டு விலகவில்லை. மொழிக்காகப் பதவியைத் துறக்கத் துணிந்தவர், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் கிடந்தபோது பதவியில் இருந்தார் என்பதை அவரது வாழ்க்கையை எழுதும் எவரும் மறைக்கக்கூடாது. 1979இல் சிறிது காலம் பாதுகாப்பு அமைச்சராகவும், 1990 முதல் 1993 வரை மகாராஷ்டிர ஆளுநராகவும் இருந்தார். 1998இல் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி சென்னையில் தமது 90ஆவது வயதில் மறைந்தார். அவர் அமைத்த விலை ஆணைக்குழு வேறொரு பெயரில் இன்னமும் இயங்குகிறது. அது அறிவிக்கும் ஆதரவு விலையைக் காப்பாற்றக் கோரியே 2020-21இல் இலட்சக்கணக்கான உழவர்கள் டில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் முகாமிட்டிருந்தனர்.

எமது மண்ணின் கணக்கு

இனி எமது ஊருக்கு வருவோம். 1970 முதல் 1977 வரை இலங்கை அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. தெற்கிலும் வடக்கிலும் பாணுக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற துன்பமான காலம் அது. ஆனால் அதே காலத்தில்தான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிலும், விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களின் படித்த வாலிபர் திட்டக் காணிகளிலும் பணம் புரண்டது. எவரும் கமக்காரனுக்குப் புதிதாகப் புத்தி சொல்லவில்லை. விலை கிடைத்தது, விளைவித்தான். கல்வீடு எழுந்தது, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். 1977இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டது, விலை வீழ்ந்தது. அதன் பின்னர் போர் வந்து, விலையைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லாமற் செய்தது.

2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையால் தடைசெய்தது. விஞ்ஞானியைக் கேட்கவில்லை, கமக்காரனையும் கேட்கவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது. சில மாதங்களில் ஆணையைத் திரும்பப் பெற்றபோது பருவம் கடந்துவிட்டிருந்தது. 1965இல் சி. எஸ். கையாண்ட முறைக்கு இதைவிடத் தலைகீழான உதாரணம் கிடைப்பது அரிது.

கமம் செய்து எந்த நாடு முன்னேறியது என்று கேட்ட இளைஞருக்கு, நாம் அடைக்கலம் புகுந்த இந்நாட்டையே சுட்டலாம். கனடாவின் மேற்குச் சமவெளியைத் தானியக் களஞ்சியமாக்கிய மார்க்கிஸ் கோதுமை, ஒட்டாவாவிலுள்ள அரசாங்கப் பரிசோதனைப் பண்ணையில் உருவாகி 1909ஆம் ஆண்டளவில் உழவர் கைக்கு வந்தது. அதன் தாய் தந்தை இனங்களுள் ஒன்று கல்கத்தாவின் பெயரைத் தாங்கிய இந்தியக் கோதுமை. எமது வீடுகளிலிருந்து மேற்கே சிறிது தூரம் சென்றால் சென்ற்-ஆன்-டி-பெல்வியூவில் மக்கில் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. 1907இல் அதைத் திறக்கப் பணம் கொடுத்த வில்லியம் மக்டொனால்ட் ஒரு புகையிலை வணிகர். நெடுஞ்சாலையில் போகும்போது காணும் அந்தச் சோள வயல்கள், கமத்தைக் கல்விக்கு எதிரானதாகக் கருதாத ஒரு சமூகத்தின் அடையாளம்.

ஆகவே என்னிடம் கேட்கப்பட்ட தீர்ப்பு இது. தந்தை பணம் அனுப்பலாம். ஆனால் அனுப்புமுன் மகன் தமது கணக்கு அறிவைக் கொண்டு நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும். கிணற்றில் கோடை முழுதும் நீர் உண்டா? விதையையும் உரத்தையும் உரிய நாளில் பெற வழி உண்டா? விளைந்ததை எவர், என்ன விலைக்கு வாங்குவார்? வயலில் இறங்கி உழைப்பவருக்கு நியாயமான கூலி கணக்கில் எழுதப்பட்டுள்ளதா? நான்குக்கும் விடை இருந்தால் அது மணலில் வார்த்த நீராகாது. ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில் இயந்திரம் வாங்குவதற்கு முன் அந்த ஒன்றைச் சரிசெய்யவே பணம் தேவை. தனி ஒருவரால் இயலாததை ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து செய்யலாம். கோபுரம் கட்ட ஒன்றுகூடும் எம்மவர், ஒரு களஞ்சியமோ குளிர்ச்சேமிப்பு அறையோ கட்டவும் ஒன்றுகூட முடியும்.

மகன் அறிந்திருக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. அவரைக் குழந்தையாகத் தோளில் சுமந்து தந்தை இந்நாட்டுக்கு வந்தபோது, பயணச் செலவுக்குக் கொடுத்த காசு விசுவமடுவில் மிளகாய் விற்றுச் சேர்த்தது. தந்தை அதை அன்று கோயில் வாசலில் சொல்லவில்லை. பின்னர் என்னிடம் தனியே சொன்னார். இதை எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.